காமிரா பூண்ட விரதம்

மகாத்மா காந்தியின் திருமுகத்தை அறியாத குடும்பம் நம் தேசத்தில் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரிலும், சர்க்கார் கச்சேரியிலும், கடைக்காரரின் கல்லாப் பெட்டிக்கு மேலும், கையில் புழங்கும் ரூபாய் நோட்டிலும் அம்முகத்தை நித்தியம் காண்கிறோம். ஆனால், அவர் எழுதியதையும், நூற்றதையும், நடந்ததையும், நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து பணிவிடை செய்ததையும் பத்தாண்டுக் காலம் உடனிருந்து படம் பிடித்தவர் யார் என்று கேட்டால், தேசத் தொண்டில் நரைத்தவர்களுங்கூடச் சற்றுத் தயங்குவார்கள். அவர் ஸ்ரீ கனு காந்தி. அவருடைய படங்களைக் கண்டவர் கோடிக்கணக்கானோர். கண்டபோது அவர் பெயரை நினைத்தவர் சிலரே. 1986-ஆம் ஆண்டில் காலமான அப்பெரியாரின் சரிதையை இன்று நம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய தோல் தொழில் ஊர்களில் உழைக்கும் அன்பர்களுக்கு இச்சரிதை முக்கியமானது என்பது நமது அபிப்பிராயம். இன்று தொண்டர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. கூட்டம் நடந்தால் படம். உதவி வழங்கினால் படம். விபத்து நேர்ந்தால் படம். தோல் பதனிடும் தொழிலாளியையும் பலர் வந்து படம் பிடித்துச் செல்கிறார்கள். ஆனால் அப்படங்களில் அத்தொழிலாளி மனிதனாக இருக்கிறானா, காட்சிப் பொருளாக இருக்கிறானா என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? இக்கேள்விக்கு விடை தேடுவோர் கனு காந்தியினிடம் செல்ல வேண்டும்.

அவர் 1917-ஆம் ஆண்டில் பிறந்தார். காந்திஜிக்குச் சகோதர முறையினரான குஷால்சந்த் காந்தியின் பேரர். ஸ்ரீ நாரணதாஸ் காந்தியின் புதல்வர். காந்திஜி 1930-ஆம் ஆண்டில் எரவாடா சிறையிலிருந்தபோது, ஆசிரமத்தின் விரதங்களை விளக்கி வாரந்தோறும் எழுதிய கடிதங்கள் நாரணதாஸின் பெயருக்கே வந்து சேர்ந்தன. சத்தியம், அகிம்சை, அபரிக்கிரகம் முதலியவை பிறர்க்குப் புஸ்தகத்தில் படிக்கும் தத்துவங்கள். கனு காந்திக்கோ அவை தகப்பனாரின் தபாலில் வந்த வீட்டுச் சட்டங்கள். அவருடைய பிற்காலத் தொழிலுக்கு இதுவே அஸ்திவாரம்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்குவது அவசியம். ஜுஹு கடற்கரையில் ஒரு சிறுவன் காந்திஜியின் கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்து முன்னே இழுத்துச் செல்லும் படத்தை யாவரும் பார்த்திருப்பார்கள். 1937-இல் எடுத்த அப்படத்திலுள்ள சிறுவன், காந்திஜியின் மூன்றாவது புதல்வர் ராமதாஸின் மகன். அவனுக்கும் கனு என்றே பெயர். நாம் கூறுபவர் வேறு. காமிராவுக்கு முன்னே நின்றவரல்லர், பின்னே நின்றவர்.

1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி காந்திஜி வார்தாவுக்கு அருகிலுள்ள சேகான் கிராமத்தில் குடியேறினார். அதுவே பின்னர் சேவாக்கிராமம் எனப் பெயர் பெற்றது. வாலிபரான கனு காந்தி அங்கு வந்து, கடிதங்களைக் கவனிப்பதும் கணக்கு எழுதுவதுமாகப் பணி செய்தார். இப்பெரும் வாழ்வைப் படமாக்கி வைக்க வேண்டுமென்ற ஆவல் அவருக்கு உண்டாயிற்று. வினோபாஜியின் சகோதரர் சிவாஜி ஊக்கமளித்தார். ஆனால் ஆசிரமத்தின் பணம் ஜனங்களின் பணம்; அதில் காமிரா வாங்க இடமில்லை. கனஷ்யாம் தாஸ் பிர்லா 100 ரூபாய் அளித்தார். அதைக் கொண்டு ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவும் பிலிமும் வந்து சேர்ந்தன.

காந்திஜி அனுமதி கொடுத்தார். ஆனால் மூன்று நிபந்தனைகளுடன் கொடுத்தார். முதலாவது, பளிச்சென்று மின்னும் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது, படத்துக்காக இப்படி உட்காருங்கள், அப்படித் திரும்புங்கள் என்று தம்மைக் கேட்கக் கூடாது. மூன்றாவது, இச்செலவுக்கு ஆசிரமத்திலிருந்து ஒரு காசும் கிடைக்காது. படம் எடுக்கும் கலையை அறிந்தவர்கள் இம்மூன்றையும் கேட்டால், இவை ஒரு தொழிலாளியின் கையைக் கட்டிவிட்டு வேலை செய்யச் சொல்வது போலல்லவோ என்பார்கள். கனு காந்தியோ அவற்றை விரதங்களாக ஏற்றுக்கொண்டார். 1938 முதல் 1948 வரை அவ்விரதங்களிலிருந்து அவர் வழுவவில்லை. அவர் படங்களின் பெருமையெல்லாம் இம்மூன்று தடைகளிலிருந்து பிறந்தது என்றே நாம் துணிந்து கூறுவோம்.

முதலில் வெளிச்சத்தைக் கவனிப்போம். அக்காலத்துப் பிலிம் இன்றைய கருவிகளைப் போல் மங்கலான ஒளியில் படம் பிடிக்கக் கூடியதன்று. சேவாக்கிராமத்துக் குடிசைகளோ மண் சுவரும் ஓட்டுக் கூரையும் சிறு ஜன்னல்களும் உடையவை. பிளாஷ் இல்லாமல் அங்கே படம் எடுக்க விரும்புகிறவன், லென்ஸை அகலத் திறந்து வைக்க வேண்டும். காமிராவை அசையாமல் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிச்சம் எந்த வேளையில் எந்த வழியாக வருகிறது என்று அறிந்திருக்க வேண்டும். காலைச் சூரியன் எந்தத் திண்ணையில் விழுகிறது, பகலில் எந்த வாசல் நிழலாயிருக்கிறது, மாலை உலாவின்போது பாதையில் எந்தப் பக்கம் நின்றால் முகத்தில் ஒளி படியும் என்பன அங்கேயே வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து வரும் ஜன்னல் ஒளி முகத்தின் ஒரு பாதியைத் துலக்கி, மறுபாதியை மென்னிழலில் வைக்கிறது. அதனால் சுருக்கமும் எலும்பும் சிரிப்பும் உருவம் பெறுகின்றன. மடியில் கிடக்கும் வெள்ளைக் கதர் அவ்வொளியை வாங்கி முகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நேரே முகத்தில் அடிக்கும் பிளாஷ் விளக்கோ, மேடு பள்ளத்தையெல்லாம் தட்டையாக்கி, சுவரில் கரிய நிழலை எறிந்து, படம் பிடிக்கப்படுகிறவனைத் திடுக்கிடச் செய்கிறது.

பிளாஷுடன் வந்தவர்களும் உண்டு. 1946-இல் அமெரிக்கப் பத்திரிகையான லைஃபின் சார்பில் ஸ்ரீமதி மார்கரெட் போர்க்-ஒயிட் காந்திஜியை ராட்டையுடன் படம் எடுக்க வந்தார். முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளும்படி அவரிடம் சொல்லப்பட்டது. அறை இருண்டிருந்தபடியால், மிகவும் வேண்டியபின், மூன்றே பல்புகளுக்கு அனுமதி கிடைத்தது. முதலிரண்டும் வீணாகி, மூன்றாவதில் படம் கிடைத்தது. அப்படம் உலகப் புகழ் பெற்றது. அவ்வம்மையாரின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் விருந்தாளி. ஒரு நாளில் ஒரு படம் எடுத்தாக வேண்டும். கனு காந்தி வீட்டுப் பிள்ளை. நாளைக்கும் காலையில் சூரியன் அதே ஜன்னலில் வருவான் என்று அவர் காத்திருக்க முடிந்தது.

இரண்டாம் விரதம், உருவத்தை ஒழுங்கு பண்ணாதிருத்தல். இதற்கு அவருடைய காமிராவே துணை செய்தது. ரோலிபிளெக்ஸுக்கு இரண்டு லென்ஸுகள். மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது படம் பிடிப்பதற்கு. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலேயுள்ள கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்க்க வேண்டும். எதிரிலிருப்பவரை வேட்டைக்காரன் போல் குறிபார்க்கும் பாவனை அதில் இல்லை. வணங்குபவன் போன்ற பாவனையே இருக்கிறது. அதன் ஷட்டர் எழுப்பும் ஓசையும் மிகச் சொற்பம். தரையில் அமர்ந்தவரைத் தரையில் அமர்ந்தே எடுக்கலாம். எடுப்பவன் மேலும் எடுக்கப்படுகிறவன் கீழுமாக இருக்கும் ஏற்றத்தாழ்வு அங்கே மறைந்துவிடுகிறது.

இவ்விரதத்தின் பலனைக் கைகளில் காணலாம். படம் எடுக்கும் நிலையத்துக்குச் சென்று நாற்காலியில் அமரும் மனிதனுக்கு முதலில் தோன்றும் சங்கடம், கையை எங்கே வைப்பது என்பதுதான். முழங்காலில் வைத்துக்கொண்டால் மரப்பாச்சி போலிருக்கிறது. கட்டிக்கொண்டால் கோபம் போலிருக்கிறது. வேலையில்லாத கை தன் இடத்தை அறியாது. காந்திஜியின் கைகளுக்கோ வேலையில்லாத நேரமில்லை. டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்ற கைகள் அவை. தென்னாப்பிரிக்கச் சிறையில் தைத்த ஒரு ஜோடியை 1914-இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அன்பளிப்பாகக் கொடுத்த கைகள். 1909-இல் கப்பலில் இந்திய சுயராஜ்யம் என்ற நூலை எழுதியபோது வலக்கை ஓய்ந்ததும் இடக்கையால் தொடர்ந்து எழுதிய கைகள். அத்தகைய கைகளுக்கு இடம் காட்டப் படக்காரன் வேண்டுமா? காத்திருந்தால் போதும்.

கனு காந்தி காத்திருந்தார். 1938-இல் சேவாக்கிராம அலுவலகத்தில் டெலிபோனைக் காதில் பிடித்த கை. 1940-இல் சாந்திநிகேதனில் மகாகவி தாகூருடன் கழித்த பொழுது. குஷ்டரோகத்தால் வருந்திய வடமொழி வித்வான் பர்ச்சுரே சாஸ்திரிக்குப் பணிவிடை செய்யும் கை என்று ஒவ்வொன்றாய் அவருடைய பிலிமில் பதிந்தன. உறவினர்களும் ஒதுக்கிய நோயாளியின் உடம்பை அக்கை தொடும் படம், ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததைச் செய்தது. இதன் அருமையை வேலூர் வாசிகளுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1948 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தி, பலருக்கு உழைக்கும் கையைத் திருப்பிக் கொடுத்தார். கை என்பது ஓர் அவயவம் மட்டுமன்று, மனிதனின் மானம் என்பதை அறிந்த ஊர் அது.

மற்றொரு படத்தைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். 1945-46-இல் காந்திஜி வங்காளம், அஸ்ஸாம், தென்னிந்தியா ஆகிய இடங்களில் ரயிலில் சுற்றுப்பிரயாணம் செய்தார். 1946 ஜனவரியில் தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகச் சென்னைக்கு வந்து, பின்னர் மதுரைக்கும் பழனிக்கும் சென்றது இப்பிரயாணத்திலேதான். ரயில் வண்டியிலிருந்து ஹரிஜன நிதிக்காக அவர் கையை நீட்டி நிற்பதைக் கனு காந்தி படம் பிடித்தார். நாட்டின் பெருந்தலைவர் ஜனங்களிடம் கையேந்துகிறார். வாங்கும் கை தலைவருடையது, கொடுக்கும் கை ஏழைகளுடையது. இன்று நம் ஊர்களில் எடுக்கப்படும் படங்களில் இம்முறை தலைகீழாகிவிட்டது. ஒரு பை அரிசியோ ஒரு புடவையோ நடுவில் இருக்கும். கொடுப்பவர் ஒரு கை, வாங்குபவர் ஒரு கை அதைப் பிடித்திருப்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் பாராமல் காமிராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் சரியாக விழும்வரை அந்த ஏழை கையை எடுக்கக் கூடாது. இதைக் காட்டிலும் மனிதனைச் சிறுமைப்படுத்தும் காட்சி வேறுண்டா?

மூன்றாம் விரதம், பணமில்லாமை. ரோலிபிளெக்ஸில் ஒரு சுருள் பிலிமுக்கு 12 படங்களே. ஆசிரமம் காசு தராது. பத்திரிகைகளுக்குப் படம் கொடுத்துக் கிடைத்த பணமே அடுத்த பிலிமுக்கு ஆதாரம். ஆகவே வீணாக விரலை அழுத்த முடியாது. காண்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே யோசனை இருந்தது. இன்று ஒரு கூட்டத்தில் ஆயிரம் படம் எடுத்து, ஒன்றையும் திரும்பிப் பாராமல் விடுகிறோம். தரித்திரம் நல்லதென்று நாம் சொல்லவில்லை. சிக்கனம் கண்ணைக் கூர்மையாக்கும் என்றே சொல்லுகிறோம்.

இம்மூன்றையும்விடக் கடினமான பரீக்ஷை ஒன்று அவருக்கு நேர்ந்தது. 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் அன்னை கஸ்தூரிபா மரணப் படுக்கையில் இருந்தார். பணிவிடை செய்ய அனுமதிக்கப்பட்டவர்களில் கனு காந்தியும் ஒருவர். அன்னை காந்திஜியின் மடியில் சாய்ந்து உயிர் நீத்த அக்காட்சியைப் படம் எடுக்கக் காந்திஜி இசையவில்லை. சரித்திரத்துக்கு வேண்டும் என்று கனு காந்தி வாதாடியிருக்கலாம். ஒளிந்து நின்று எடுத்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை. அன்று எடுக்கப்படாத படமே அவர் எடுத்த படங்களுக்கெல்லாம் நற்சாட்சிப் பத்திரம். ஒருவர் அறியாதபோது எடுப்பதுதான் இயல்பான படம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இயல்பன்று, களவு. ஒருவர் நம்பிக்கை வைத்து நம்மை மறந்திருக்கும்போது எடுப்பதே இயல்பான படம். வேண்டாமென்ற இடத்தில் காமிராவைக் கீழே வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த நம்பிக்கை கிடைக்கும்.

அதே ஆண்டில் கனு காந்திக்கும் வங்காளத்துப் பெண்ணான ஆபா தேவிக்கும் விவாகம் நடந்தது. 1946 இறுதியில் நவகாளியில் வகுப்புக் கலவரத் தீ மூண்டபோது, காந்திஜியின் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் பிரிந்து சென்று பணி செய்தார்கள். கனு காந்தியும் அவர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை டில்லியில் காந்திஜி பிரார்த்தனைக்கு நடந்து சென்றபோது, அவர் தோள் கொடுத்துத் தாங்கிய இரு பெண்களில் ஒருவர் ஆபா தேவி. பத்தாண்டு நிழல்போல் தொடர்ந்த படக்காரரோ அன்று டில்லியில் இல்லை. நவகாளியில் கடமையில் இருந்தார். அன்று காந்திஜியைச் சந்தித்துச் சென்ற பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன் எடுத்த இறுதி யாத்திரைப் படங்கள் உலகெங்கும் பரவின. கனு காந்திக்குத் தொண்டு முதலாவது, காமிரா இரண்டாவது. இதை நஷ்டமென்று அவர் கருதியிருக்க மாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.

பின்னர் தம்பதிகள் ராஜ்கோட் பக்கத்தில் நிர்மாணத் தொண்டில் வாழ்ந்தார்கள். 1986 பிப்ரவரியில் கனு காந்தி பிரயாணத்திலிருக்கும்போது காலமானார். ஆபா தேவி 1995-இல் மறைந்தார். அவருடைய படங்கள் பல பெயரின்றியே பிரசுரமாகி வந்தன. 2015-இல் டில்லியிலுள்ள நஸர் பவுண்டேஷன் அவற்றைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டபின்பே புதிய தலைமுறை அவரை அறியலாயிற்று.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். காந்திஜியின் காலத்தில் வார்தாவுக்கு அருகே நால்வாடியில் ஒரு தோல் பதனிடும் நிலையம் நடந்தது. அத்தொழிலை இழிவென்று ஒதுக்கும் புத்தியை ஒழிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நம் பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதனிட்ட காலம் முதல், ரசாயனமும் சுழலும் டிரம்மும் வந்த காலம் வரை, எத்தனை தலைமுறைக் கைகள் சுண்ணாம்பிலும் உப்பிலும் ஊறியிருக்கின்றன! 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடிந்த சுவரின் படத்தை நாமெல்லோரும் பார்த்தோம். அத்தகைய தொழிலாளிகள் உயிருடன் உழைத்தபோது எடுத்த ஒரு நல்ல படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இறந்தபின் படம் பிடிக்க ஓடுகிற நாடு, இருக்கும்போது முகம் பார்க்கக் கற்க வேண்டும்.

ஆகவே தொண்டர்களுக்கு நாம் கூறுவது இது. தோல் ஷாப்புக்குச் செல்பவர், முதல் நாள் காமிராவை வெளியில் எடுக்காமலே திரும்பி வரட்டும். பெயரைக் கேட்டறியட்டும், படம் எடுக்கச் சம்மதமா என்று கேட்கட்டும், வேண்டாமென்றால் வணங்கி விடைபெறட்டும். பிளாஷை அணைத்துவிட்டு, வாசலிலிருந்தோ கூரைக் கண்ணாடியிலிருந்தோ வரும் வெளிச்சத்தின் பக்கமாக நிற்கட்டும். மேஜைமேல் விரித்த வெளிறிய தோலும், கதரைப் போலவே, ஒளியைத் தொழிலாளியின் முகத்துக்குத் திருப்பும். உச்சி வெயிலில் தோல் காயப்போடும் வெளியில் கண்கள் குழியாய் இருண்டுவிடும்; காலையும் மாலையும் உகந்தவை. கையை எங்கே வைக்க வேண்டுமென்று யாருக்கும் சொல்ல வேண்டாம். தோலைத் தடவிப் பக்குவம் பார்க்கும் விரலும், பாதரட்சைத் தொழிற்சாலையில் ஊசிக்கு முன்னே தோலை நகர்த்தும் பெண்ணின் கையும் தம் இடத்தை அறியும். மணிக்கட்டோடு கையை வெட்டிவிடாமல், விரல் நுனிவரை படத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். கை வேலையில் ஆழ்ந்தால் முகம் தன்னை மறக்கும். அப்போது எடுப்பதே அம்மனிதனின் படம். எடுத்தபின் ஒரு பிரதியை அவனிடம் கொடுப்பது கடமை.

விரதமின்றி அதிகாரம் கொள்ளும் கை கொடுங்கோலாகிறது என்பதை நம் தேசம் அனுபவத்தில் அறியும். காமிராவும் ஓர் அதிகாரமே. அதற்கும் விரதம் வேண்டுமென்று ஒரு வாலிபர் 1938-லேயே வாழ்ந்து காட்டினார். அவ்விரதத்தை நம் ஊர்த் தொண்டர்கள் மேற்கொண்டால், தோல் தொழிலாளியின் உண்மை முகத்தை நாடு காணும். கண்டபின் அவனுக்கு நியாயம் மறுப்பது எளிதாயிராது.